திரையைக் கழற்றும் முன்

பழைய டிஜிட்டல் கேமராவை ஆன் செய்ததும் லென்ஸ் ஒழுங்காக வெளியே வருகிறது, பின்னால் உள்ள திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது. சில நேரம் ஊதா நிறத்தில் கோடுகள் ஓடுகின்றன; சில நேரம் ஒன்றுமே இல்லாமல் வெள்ளையாக எரிகிறது. 'டிஸ்பிளே போயிடுச்சு' என்று தீர்ப்பு எழுதிவிட்டு, அதே மாடலுக்கு மாற்றுத் திரை எங்கே கிடைக்கும் என்று தேடக் கிளம்புவதுதான் பொதுவான வழக்கம். இந்த அத்தியாயம் அந்த அவசரத்தைத் தடுப்பதற்காக எழுதப்பட்டது. லென்ஸுக்குள் நுழையும் ஒளி சென்சாரில் விழுந்து மின் சைகையாகிறது. மெயின் போர்டில் உள்ள செயலி அதைப் படமாக்குகிறது. அந்தப் படம் மெல்லிய ஃபிளெக்ஸ் கேபிள் வழியாகத் திரைக்கு வருகிறது, திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட் அதை நம் கண்ணுக்குக் காட்டுகிறது. இத்தனை கட்டங்களில் எது கெட்டாலும் நாம் பார்ப்பது திரையைத்தான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிடுவது இதனால்தான். கோளாறு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைக் கேமராவைத் திறக்காமலே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அதைக் கண்டுபிடிக்கும் வரை ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுக்கத் தேவையில்லை.

கோளாறே இல்லாமல் திரை இருண்டிருக்கும் சந்தர்ப்பங்களை முதலில் ஒதுக்கிவிடுவோம். பல கேமராக்களில் 'டிஸ்ப்' என்ற பொத்தானை ஒன்றிரண்டு முறை அழுத்தினால் திரை முழுதும் அணைந்துவிடும். பேட்டரியை மிச்சம்பிடிக்க உற்பத்தியாளரே வைத்த வசதி அது. எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் உள்ள கேமராக்கள் சிலவற்றில் கண் வைக்கும் இடத்துக்கு அருகே சிறு சென்சார் இருக்கும். அதன்மேல் அழுக்குப் படிந்தால் யாரோ கண் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதாகக் கேமரா நம்பித் திரையை அணைத்தே வைக்கும். டிவியில் படம் பார்க்க ஏவி கேபிளைச் செருகினாலும் திரை தானாக அணைவது பல மாடல்களின் இயல்பு. அந்தத் துளையில் பச்சை பூத்தோ தூசி அடைத்தோ இருந்தால், கேபிள் செருகாமலே அது செருகியிருப்பதாகக் கேமரா எண்ணிக்கொள்ளக்கூடும். மடக்கித் திருப்பும் திரையுள்ள மாடல்களில், திரை உட்பக்கமாக மூடப்பட்டதை அறிய ஒரு சுவிட்சோ காந்தமோ இருக்கும். அது தவறாக உணர்ந்தால் திறந்த பிறகும் திரை விழிக்காது. பேட்டரி விஷயம் வேறு. தேய்ந்த செல்லைப் போட்டால் லென்ஸ் மோட்டாரும் பேக்லைட்டும் ஒன்றாக மின்சாரம் இழுக்கும் கணத்தில் கேமரா மொத்தமாகவே அணையும். லென்ஸ் நகர்கிறது, பொத்தான் சத்தம் கேட்கிறது, ஃபிளாஷ் எரிகிறது, திரை மட்டும் இல்லை என்றால் பேட்டரியைச் சந்தேகிப்பதில் பயன் குறைவு. இருந்தாலும் நல்ல செல் போட்டு, முனைகளைத் துடைத்து, அமைப்புகளை ஆரம்ப நிலைக்குத் திருப்பிய பிறகு சோதனையைத் தொடங்குவது நல்லது.

சோதனை என்று பெரிதாக எதுவும் இல்லை. மெனு பொத்தானை அழுத்திப் பாருங்கள். மெனுவில் தோன்றும் எழுத்தையும் சின்னங்களையும் செயலியே வரைகிறது. லென்ஸுக்கோ சென்சாருக்கோ அதில் பங்கில்லை. மெனு எழுத்து பளிச்சென்று, நிறம் மாறாமல், கோணாமல் தெரிந்தால் திரையும் பேக்லைட்டும் கேபிளும் நலமாக இருக்கின்றன என்று அப்போதே சொல்லிவிடலாம். அடுத்து பிளேபேக்குக்குப் போய், கேமரா நன்றாக இருந்த காலத்தில் எடுத்த பழைய படம் ஒன்றைத் திரையில் கொண்டுவாருங்கள். அதுவும் ஒழுங்காகத் தெரிந்து, படம் எடுக்கும் நிலைக்குத் திரும்பியதும் மட்டும் கறுப்போ ஊதாவோ கோடுகளோ வந்தால், குற்றவாளி திரைக்கு முன்னால் எங்கோ இருக்கிறான்: சென்சாரில், ஷட்டரில், அல்லது அவற்றை மெயின் போர்டோடு இணைக்கும் கேபிளில். இதற்கு நேர்மாறாக மெனு, பழைய படம், நேரடிக் காட்சி மூன்றும் ஒரே மாதிரிக் கெட்டிருந்தால் சந்தேகம் திரையின் பக்கம் திரும்பும். ஒரு சின்ன எச்சரிக்கை: பிளேபேக்குக்குக் கணினியில் திருத்திய படத்தையோ வேறு கேமராவின் படத்தையோ கார்டில் போடாதீர்கள். பல கேமராக்கள் தாங்கள் எடுக்காத கோப்பைக் காட்ட மறுத்துவிடும். அந்த மறுப்பையும் கோளாறு என்று நினைத்துக் குழம்ப நேரிடும்.

இதில் ஓட்டை இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர் சொல்லலாம்; நியாயமான ஆட்சேபம்தான். மெனுவும் படமும் இரண்டும் கெட்டிருந்தால் அது திரைதான் என்று எப்படி உறுதி சொல்வது? திரைக்குச் சைகை அனுப்பும் மெயின் போர்டே பழுதாகியிருக்கலாமே? ஆகவே மெனு ஒன்றை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இன்னும் இரண்டு சாட்சிகளை அழைக்க வேண்டும். முதல் சாட்சி டிவி. பழைய சிறு கேமராக்கள் பலவற்றில் ஏவி வெளியீடு உண்டு. மஞ்சள் முனையுள்ள கேபிளை டிவியில் செருகினால், கேமராத் திரையில் வரவேண்டிய அதே காட்சி டிவியில் வரும். டிவியில் மெனு நன்றாகத் தெரிந்து, கேபிளைக் கழற்றிய பிறகும் கேமராத் திரையில் மட்டும் தெரியாவிட்டால் செயலி பிழைத்தது. பழுது கேபிளிலோ திரையிலோதான். இரண்டிலும் ஒரே மாதிரி கெட்டிருந்தால் மெயின் போர்டுதான் சந்தேகத்துக்குரியது, திரையை மாற்றுவது வீண். டிவியில் படம் உருண்டுகொண்டோ நிறமில்லாமலோ வந்தால் அவசரப்பட வேண்டாம், வீடியோ முறை என்டிஎஸ்சி என்று வைக்கப்பட்டிருக்கலாம். இந்தியாவிலும் இலங்கையிலும் டிவிக்களின் பழைய வழக்கம் பால் முறை. இரண்டாம் சாட்சி கார்டு. வெளிச்சமான இடத்தில் குத்துமதிப்பாகக் குறிபார்த்து ஒரு படம் எடுங்கள், கார்டைக் கழற்றிக் கணினியில் பாருங்கள். படம் நன்றாக விழுந்திருந்தால் லென்ஸ் முதல் செயலி வரை எல்லாம் உயிரோடு இருக்கிறது. இந்த மூன்று சாட்சிகளும் முரண்படாமல் ஒரே இடத்தைக் காட்டினால் அதன்பின் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை.

திரைமேல் விழுந்த பழி உண்மையில் சென்சாருக்கு உரியது என்பதற்கு டிஜிட்டல் கேமரா வரலாற்றிலேயே பெரிய உதாரணம் ஒன்று உண்டு. 2005 அக்டோபரில் கேனான், நிக்கான், ஃபியூஜி, ஒலிம்பஸ், கோனிகா மினோல்டா, ரிக்கோ, சோனி என்று பல நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அறிவிப்புகள் வெளியிட்டன. அவற்றின் கேமராக்களில் பொருத்தப்பட்டிருந்த சோனி தயாரிப்பான சிசிடி சென்சார்களின் உள் இணைப்புகள் அறுந்துபோகக்கூடும் என்பதுதான் செய்தி. வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் வைத்தாலோ பயன்படுத்தினாலோ இது அதிகம் நேரும் என்றும் சொல்லப்பட்டது. கேனானின் பட்டியலில் இருந்த பவர்ஷாட் ஏ70 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். 2003-இல் வந்தது, 3.2 மெகாபிக்சல், நான்கு ஏஏ செல், 1.5 அங்குலத் திரை. சென்சார் கெட்ட ஏ70-ஐ ஆன் செய்தால் திரை கறுப்பாக நிற்கும், அல்லது ஊதா கலந்த அலைக்கோடுகள் ஓடும். பார்ப்பவர் யாராக இருந்தாலும் திரை போய்விட்டது என்றுதான் சொல்வார். ஆனால் அதே திரையில் மெனு தெளிவாக வரும், முந்தைய ஆண்டு எடுத்த கல்யாணப் படங்களும் தெளிவாக வரும். அப்போது நிறுவனங்கள் உத்தரவாதக் காலம் முடிந்த கேமராக்களையும் இலவசமாகச் சரிசெய்து கொடுத்தன. அந்தச் சலுகையெல்லாம் முடிந்து வெகுகாலம் ஆகிறது, கேமராக்கள் மட்டும் அலமாரிகளில் இருக்கின்றன. சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் 20 ஆண்டு வெக்கையும் உப்புக்காற்றும் பட்டுக் கிடந்த அந்தக் காலத்துக் கேமரா இன்று கறுப்புத் திரை காட்டினால், அது திரையாக இருப்பதைவிடச் சென்சாராக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு. இன்னொரு பழைய ஏ70-இலிருந்து சென்சாரை எடுத்துப் போடலாமே என்றால், அதுவும் பெரும்பாலும் அதே காலத்துச் சரக்கு, அதற்கும் அதே நோய் காத்திருக்கும்.

ஷட்டர் செய்யும் வேலையைப் பிரித்துப் பார்ப்பது இன்னும் நுட்பமானது. சிசிடி கேமராவில் திரையில் நேரடிக் காட்சி ஓடும்போது ஷட்டர் இதழ்கள் திறந்தே இருக்கும். படம் எடுக்கும் கணத்தில்தான் அவை மூடி, சென்சாரில் சேர்ந்த மின்னேற்றத்தை வாசிக்கும் வரை வெளிச்சத்தைத் தடுக்கும். இதழ்கள் மூடிய நிலையில் சிக்கிக்கொண்டால் நேரடிக் காட்சி கறுப்பாகும், மெனு நன்றாக இருக்கும். திறந்த நிலையில் சிக்கினால் நேரடிக் காட்சி அழகாக இருக்கும், எடுத்த படம் மட்டும் வெளுத்துப்போய்க் கோடு இழுத்திருக்கும். வெயிலில் எடுத்தால் மோசம், இருட்டில் எடுத்தால் ஏதோ பரவாயில்லை. சென்சார் பழுதுக்கும் ஷட்டர் சிக்கலுக்கும் மெனு ஒரே பதிலைத்தான் சொல்லும் என்பதால், கறுப்பு வந்தால் லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள்: கறுத்த இதழ்கள் குறுக்கே நின்றால் ஷட்டர். இதழ் விலகி, உள்ளே கண்ணாடி பளபளத்தும் திரை கறுப்பாகவே இருந்தால் சென்சார் அல்லது அதன் கேபிள்.

இவ்வளவும் தாண்டி, சாட்சிகள் எல்லாம் திரையையே காட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் 'திரை' என்பது ஒரே பொருள் அல்ல. அறையை இருட்டாக்கி, கேமராவை ஆன் செய்து, மெனுவைத் திறந்து, திரைமேல் சாய்வாக டார்ச் அடியுங்கள். மெனு எழுத்து மங்கலாகவேனும் தெரிந்தால் திரவப் படிகப் பலகை வேலை செய்கிறது, பேக்லைட் மட்டும் அணைந்திருக்கிறது. பழைய மாடல்களில் அது மெல்லிய குளிர் கேத்தோடு விளக்கு, பிந்தையவற்றில் சிறு எல்இடிகள். இதற்கு எதிரான அடையாளம் வெள்ளைத் திரை. இதைப் பார்த்துப் பலர் திரை எரிந்துவிட்டது என்று முடிவுகட்டுகிறார்கள், உண்மை தலைகீழ். பழைய கேமராக்களில் பரவலாக இருந்த திரை வகையில், படிகத்துக்கு மின்னழுத்தம் போகாவிட்டால் ஒளி தடையின்றிக் கடந்துவிடும். ஆக, வெறும் வெள்ளை என்பது பேக்லைட் எரிகிறது, சைகை வந்து சேரவில்லை என்பதற்கான அடையாளம். ஃபிளெக்ஸ் கேபிளின் முனை அதன் சாக்கெட்டிலிருந்து நழுவியிருக்கலாம், கீழே விழுந்த கேமராக்களில் இது சகஜம். அப்படியானால் புதுத் திரை வாங்க வேண்டியதே இல்லை, கேபிளை மறுபடி செருகினாலே போதும். மடக்கும் திரையுள்ள பவர்ஷாட் ஏ80, ஏ95 போன்றவற்றில், ஒரு கோணத்தில் படம் வந்து மறு கோணத்தில் போனால் கீல் வழியே ஓடும் கேபிள் தேய்ந்து உள்ளிழை அறுந்திருக்கும். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கும் செங்குத்துக் கோடு, கேபிள் கண்ணாடியோடு ஒட்டப்பட்ட விளிம்பில் தொடர்பு விட்டதைக் காட்டும். அந்த ஒட்டு ஈயப்பற்றால் ஆனதல்ல என்பதால் சால்டரிங் அயர்னுக்கு அங்கே வேலை இல்லை. மை கொட்டியதுபோலக் கறுப்பு பரவியிருந்தால் உள் கண்ணாடி உடைந்துவிட்டது. அதற்கு மாற்றுத் திரை ஒன்றே வழி. மேலே உள்ள பிளாஸ்டிக் காப்புத் தகடு மட்டும் கீறியிருந்தாலோ, ஓரத்தில் படலம் உரிந்திருந்தாலோ, இரண்டொரு புள்ளிகள் எரியாமல் இருந்தாலோ அதை நோய் என்று எண்ணவே வேண்டாம். எந்நேரமும் ஒரே இடத்தில் எரியும் புள்ளி மெனுவிலும் தெரிகிறதா, எடுத்த படத்தில் மட்டும் தெரிகிறதா என்று பார்த்தால் அதன் ஊரும் தெரிந்துவிடும்.

இந்த விசாரணையெல்லாம் எதற்கு, உதிரித் திரை மலிவாகக் கிடைக்கிறது, மாற்றிப் பார்த்துவிட்டால் விடை தெரிந்துவிடுமே என்பது நான் மதிக்கும் எதிர்வாதம். பல கருவிகளில் அது சரியான வழியும்கூட. சிறு கேமராவில் மட்டும் அது சரிப்படாததற்கு வலுவான காரணம் ஃபிளாஷ். அதற்கு மின்சாரம் சேமிக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் இருக்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அந்த மின்னேற்றம் நெடுநேரம் நிற்கும். கட்டைவிரல் அளவுகூட இல்லாத அந்தப் பொருள், பின் மூடியைத் திறப்பவரின் விரலுக்கு மிக அருகில் இருக்கும். பலமான அதிர்ச்சியும் சூடும் தரும். இதயக் கோளாறு உள்ளவருக்கு ஆபத்து. ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்து இறக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. அப்போது பறக்கும் தீப்பொறி மெயின் போர்டையே கொன்றுவிடலாம். தகுந்த மின்தடையை வைத்து இறக்கி, மீட்டரில் அளந்து பார்க்கத் தெரியாதவர் திறக்காமலிருப்பதே நல்லது. அடுத்த காரணம் உதிரிப் பொருளின் வயது. சென்னை ரிச்சி தெருவிலோ இணையத்திலோ கிடைக்கும் பழைய மாடல் திரைகளில் கணிசமானவை செத்த கேமராக்களிலிருந்து கழற்றியவை. எதனால் செத்தது என்று கேட்டால் விற்பவருக்கே தெரியாது. நன்றாயிருந்த திரையைக் கழற்றிவிட்டு வயதான இன்னொரு திரையைப் போடுகிறோம். கேபிள் முனையைப் பிடிக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் பூட்டு ஒன்று உடைந்தால், ஒரு கோளாறு இரண்டாகிறது. மலிவு என்ற கணக்கில் இவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கைவைத்தியம் சொல்பவர்களுக்கும் பதில் சொல்லியாக வேண்டும். கேமராவைத் தட்டினால் படம் வருகிறது என்றால் அது உண்மையான தகவல், தொடர்பு எங்கோ தளர்ந்திருக்கிறது என்பதற்கு அத்தாட்சி. அதற்காகத் தட்டுவதையே சிகிச்சையாகக் கொண்டால் தளர்ந்தது முழுதாக நழுவும். திரையின் விளிம்புச் சட்டத்தை மெதுவாக அழுத்திப் பார்ப்பதில் தவறில்லை. நடுவில் அழுத்தினால் கண்ணாடி விரியும். ஈரம் ஏறியது என்று ஹேர் டிரையர் வைப்பது இன்னும் மோசம். சூடு, திரையின் ஒளித்தடுப்புப் படலத்தையும் பசையையும் கெடுக்கும். காப்புத் தகட்டுக்கு அடியில் பனி படிந்திருந்தால் பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டு, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் விட்டு வைப்பது போதும். குளிர்மலைப் பகுதியில் திரை மந்தமாக இழுத்தால் அது கோளாறே அல்ல. பெரும்பாலான சிறு கேமராக்கள் 0 முதல் 40 டிகிரி வரையான வெப்பநிலைக்கென்றே செய்யப்பட்டவை, கையில் கொஞ்சம் சூடேறியதும் சரியாகும்.

பழைய கேமராவுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்ற கேள்வி கடைசியாக வரும். 1995-இல் விற்பனைக்கு வந்த காசியோ க்யூவி-10, பின்னால் 1.8 அங்குலத் திரையோடு வந்து டிஜிட்டல் கேமராவுக்கு இந்த முகத்தையே கொடுத்தது. அந்தக் காசியோ 2018-இல் சிறு கேமராத் தொழிலை விட்டே விலகிவிட்டது. கோனிகா மினோல்டா 2006-லும் கோடக் 2012-லும் விலகின. 2010-இல் ஜப்பானிய நிறுவனங்கள் மட்டும் சந்தைக்கு அனுப்பிய கேமராக்கள் 12 கோடிக்கு மேல். அந்தக் கடலிலிருந்து மிஞ்சியவைதாம் இன்று பழைய பொருள் கடைகளில் சுற்றுகின்றன. செய்தவரே இல்லாத பொருளுக்குச் சர்வீஸ் சென்டரை எதிர்பார்க்க முடியாது. இந்த நிலையில் விசாரணைக்கு மதிப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. திரை மட்டும்தான் செத்தது, சென்சார் நலம் என்று தெரிந்தால், ஏ70 போல ஒளியியல் வியூஃபைண்டர் உள்ள கேமராவைத் திரையில்லாமலே வைத்துக்கொள்ளலாம்: டிவியில் ஒருமுறை செருகித் தேதியையும் படத்தின் அளவையும் அமைத்துவிட்டு, டயலைத் தானியங்கி நிலையில் வைத்து, ஃபிலிம் கேமராவைப்போல எடுத்துப் பின்னர் கணினியில் பார்க்க வேண்டியதுதான். செல்லும் அதிக நாள் வரும். சென்சார் செத்தது என்று தெரிந்தாலோ, ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல் அதன் கார்டையும் செல் மூடியையும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை மின்கழிவுக்குக் கொடுத்துவிடலாம். மெக்கானிக்கிடம் கொண்டுபோவதாக இருந்தால் 'டிஸ்பிளே மாத்திக் கொடுங்கண்ணே' என்று சொல்லாதீர்கள், அவர் மாற்றிக் கொடுத்துக் காசு வாங்கிவிடுவார். மெனு எப்படி, பழைய படம் எப்படி, டிவியில் எப்படி, கார்டில் விழுந்த படம் எப்படி என்ற நான்கு பதில்களையும் ஒரு தாளில் எழுதிக் கேமராவோடு கொடுங்கள்.

பழைய கேமரா வாங்கப் போகிறவருக்கும் இதே வரிசை உதவும், தலைகீழாக. விற்பவர் பெரும்பாலும் பிளேபேக்கில் பழைய படங்களை ஓட்டிக் காட்டுவார். திரை பளபளக்கும், விலையும் பேசி முடிந்துவிடும். அந்தத் திரை நன்றாக இருப்பது சென்சாரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. படம் எடுக்கும் நிலைக்கு மாற்றச் சொல்லி, கடைக்கு வெளியே வெயிலில் ஒரு படமும் கடைக்குள் நிழலில் ஒரு படமும் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, மடக்கும் திரையாக இருந்தால் அதை எல்லாக் கோணத்திலும் மெதுவாகத் திருப்பிப் பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.